எங்கள் ஏரியா சூப்பர் மார்க்கெட்: சீட்டோடு போனால் நல்ல கடை

மதுரையில் எங்கள் வீட்டுப் பக்கம் இருக்கும் இரண்டு மாடி சூப்பர் மார்க்கெட்டில்தான் மாதச் சாமான் வாங்குகிறோம். கடைப் பெயர் வேண்டாம், நான் சொல்லப்போவது அநேகமாக எல்லா சூப்பர் மார்க்கெட்டுக்கும் பொருந்தும். சரக்கில் குறை சொல்ல முடியாது. உளுந்தில் கல், தூசி இல்லை. எண்ணெய் வெளியே விற்பதைவிட விலை குறைவு. பில்லில் தவறு இருந்தால் முகம் சுளிக்காமல் திருத்தித் தருகிறார்கள்.

ஆனால் சாமான் அடுக்கியிருக்கும் விதத்தைக் கவனியுங்கள். பாலும் தயிரும் கடைசிச் சுவரோரம். அரை லிட்டர் பாலுக்காகப் போனாலும் பிஸ்கட், சிப்ஸ், பிளாஸ்டிக் டப்பா எல்லாவற்றையும் தாண்டித்தான் போக வேண்டும். கண்ணுக்கு நேரான தட்டில் டிவி விளம்பரத்தில் வரும் டீத்தூள். விலை குறைந்தது வேண்டுமென்றால் குனிந்து தேட வேண்டும்.

அண்ணாச்சி கடையில் சீட்டைக் கொடுத்தால் அவரே எடுத்துக் கட்டித் தருவார். சீட்டில் இல்லாத சாமான் பைக்குள் வராது. நாமே எடுத்துக்கொள்ளும் முறையை அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 1916இல் பிக்லி விக்லி என்ற கடையில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் கொண்டுவந்தார். உள்ளே போனவர் எல்லா அலமாரிகளையும் கடந்துதான் வெளியே வரும்படி வழியையும் அவரே அமைத்தார். பால் பாக்கெட் பின்சுவருக்குப் போன கதை அங்கேயே தொடங்கிவிட்டது.

அடுத்தது அடித்த விலை. 399 ரூபாயைக் கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே 249 என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். 249 அந்தப் பொருளுக்கு நியாயமா என்று நாம் யோசிப்பதில்லை, 399இலிருந்துதான் கணக்குப் போடுகிறோம். உளவியல் ஆய்வாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் 1974இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. எண்கள் எழுதிய ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஐ.நா.வில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சக்கரத்தில் 10 வந்தவர்கள் 25ஐ ஒட்டிச் சொன்னார்கள், 65 வந்தவர்கள் 45ஐ ஒட்டி. சம்பந்தமே இல்லாத எண்ணுக்கே அவ்வளவு இழுப்பு என்றால், பாக்கெட்டின் மேலேயே எழுதிய எண்ணுக்குக் கேட்கவா வேண்டும்?

பெரிய பாக்கெட் எப்போதும் லாபம் என்பதும் அப்படித்தான். போன மாதம் ஒரே கம்பெனி காபித்தூள்: 200 கிராம் 128 ரூபாய், 500 கிராம் 340 ரூபாய். சின்னதில் ஒரு கிராம் 64 காசு, பெரியதில் 68. பெரிய பாக்கெட்டில்தான் ‘குடும்பப் பேக்’ என்று சிவப்பு ஸ்டிக்கர். இப்போது ஒரு கிராம் என்ன விலை என்று பாக்கெட்டிலேயே அச்சடிக்கிறார்கள். எழுத்து பொடியாக இருக்கும், ஆனாலும் தேடிப் பார்த்து வாங்குங்கள்.

எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது பில் போடும் இடம்தான். வரிசையில் நிற்கும் நேரம் முழுக்க, சரியாக என் மகளின் கைக்கு எட்டும் உயரத்தில் சாக்லேட். பெரியவர்கள் கணக்குப் பார்த்துத் தப்பிக்கலாம், யூ.கே.ஜி. படிக்கும் பிள்ளை என்ன செய்யும்? ஒரு கவுன்டரிலாவது அதை எடுத்துவிடுங்களேன் என்று அங்கே நின்ற தம்பியிடம் கேட்டேன். “அந்த இடத்துக்குக் கம்பெனிக்காரங்க தனியா காசு கட்டுறாங்கக்கா, நாங்க கை வைக்க முடியாது” என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. முதலாளி நினைத்தால் ஒரு கவுன்டரை விட்டுவைக்கலாம், செய்ய வேண்டும்.

அரிசி, பருப்பு, எண்ணெய்க்குத் தாராளமாகப் போங்கள். சீட்டு எழுதி எடுத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில் போங்கள். காய்கறி மட்டும் இங்கே வேண்டாம், பாதி வாடிக் கிடக்கிறது. அதற்கு 1999இல் தமிழ்நாட்டிலேயே முதலாவதாக ஆரம்பித்த அண்ணா நகர் உழவர் சந்தை இருக்கிறது. அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.