ஸ்கோப் ஸ்க்ரூவுக்கு ஊதாவா, நீலமா, சிவப்பா?

குலசேகரத்தில் இருக்கும் என் சித்தி மகன் போன மாதம் ஏர் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு நாகர்கோவிலுக்கு வந்தான். "அண்ணே, ஸ்கோப்பைக் கழற்ற முடியல, அல்லன் கீதான் சுத்துது, ஸ்க்ரூ அசைய மாட்டேங்குது" என்றான். குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் ரிங்கின் நாலு ஸ்க்ரூவிலும் மரையோரம் சிவப்பாக என்னமோ காய்ந்து நின்றது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய் "நல்லா பிடிக்கிறதா ஒண்ணு குடுங்க" என்று கேட்டிருக்கிறான், கேட்டது கிடைத்திருக்கிறது.

த்ரெட்லாக்கரில், அதாவது ஸ்க்ரூ தளராமல் இருக்க மரையில் விடும் பசையில், எந்த நிறம் நல்லது என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்த ஸ்க்ரூவை என்றைக்காவது கழற்றப் போகிறாயா? ஸ்கோப் விஷயத்தில் பதில் எப்போதும் ஆமாம்தான். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடைவெளி சரியில்லை, குறுக்குக் கோடு சாய்ந்திருக்கிறது, இல்லையென்றால் அடுத்த வருஷம் வேறு ஸ்கோப் வாங்க ஆசை வரும்.

ஊதா, அதாவது லாக்டைட் கம்பெனியின் 222, குறைந்த பிடிமானம். நீலம், 243, நடுத்தரம். எம்10, அதாவது 10 மில்லிமீட்டர் போல்டில் சோதித்துக் கம்பெனி போடும் கணக்கில், இறுகியதை முதலில் அசைக்க ஊதாவுக்குச் சுமார் 6 நியூட்டன் மீட்டர், நீலத்துக்குச் சுமார் 26. நாலு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆனால் ஸ்கோப் ரிங்கில் இருப்பது எம்10 இல்லை, எம்3, எம்4 மாதிரி பொடிசு. ரிங் உட்காரும் துப்பாக்கி பேஸ்களில் வரும் 6-48 என்ற அளவு ஸ்க்ரூவும் மூன்றரை மில்லிமீட்டர்தான். ஸ்க்ரூ சிறுக்கச் சிறுக்கப் பசையின் பிடியும் குறையும், ஆனால் முறுக்கைத் தாங்கும் ஸ்க்ரூவின் பலம் அதைவிட வேகமாகக் குறைந்துவிடும். அதனால்தான் என்ஜின் போல்டில் சாதுவாக இருக்கும் நீலம், பொடி ஸ்க்ரூவில் முரண்டு பிடிக்கிறது. தலைக்குழி தேய்ந்தால் வேலை முடிந்தது. என் ஓட்டு, எம்6-க்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு ஊதாவுக்கு.

அதற்காக நீலத்தைத் தள்ளிவிடவும் முடியாது. ஸ்ப்ரிங் ஏர் ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அது ரெண்டு பக்கமும் உதைக்கும். பிஸ்டன் கிளம்பும்போது பின்னால் ஓர் உதை, முன்னால் போய் நிற்கும்போது எதிர்ப்பக்கம் ஓர் உதை. பெரிய துப்பாக்கிக்குத் தாக்குப்பிடித்த ஸ்கோப்பே இதில் கலங்கிப்போவதுண்டு. இந்த மாதிரி ரைஃபிளில், பேஸைத் துப்பாக்கி உடலான ரிசீவரோடு பிடிக்கிற ஸ்க்ரூவுக்கு மட்டும், அது அடிக்கடி கழற்றுகிற இடம் இல்லை என்பதால், ஒரே ஒரு சொட்டு நீலம் போடலாம். ஊதா நம்மூர்க் கடைகளில் சுலபத்தில் அகப்படுவதில்லை, நீலம் அகப்படும் என்பதும் ஒரு காரணம்தான், மறைப்பானேன். இன்னொரு சௌகரியம், மரையில் லேசாக எண்ணெய் இருந்தாலும் 243 பொறுத்துக்கொள்ளும்.

சிவப்பைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. 250 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால்தான் இளகும். ஸ்கோப்புக்குள் இருக்கும் ரப்பர் சீலும் நைட்ரஜனும் அந்தச் சூட்டில் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பச்சை, 290, ஏற்கெனவே முறுக்கிவிட்ட ஸ்க்ரூவின் மரைக்குள் தானாக ஊறி இறங்கும் தண்ணி மாதிரிச் சரக்கு. கழற்றாமலே போடலாம் என்பது வசதி, ஆனால் பிடி நடுத்தரத்திலிருந்து கெட்டி வரை, பக்கத்து லென்ஸ் வரைக்கும் ஊர்ந்து போகும் அபாயமும் உண்டு. ஒரு விஷயம், இந்த நிறக் கணக்கு எல்லாக் கம்பெனிக்கும் சட்டம் இல்லை. நிறத்தை நம்பாமல் லேபிளில் உள்ள எண்ணைப் படியுங்கள்.

ஃபெவிக்விக் வேண்டாம். அதிர்ச்சியில் பொடியும், அதன் ஆவி லென்ஸில் வெள்ளையாகப் படியும். நெயில் பாலிஷை மட்டும் நான் கிண்டல் செய்யமாட்டேன். மரைக்குள் அது பெரிதாகப் பிடிக்காதுதான், ஆனால் ஸ்க்ரூ தலையிலிருந்து ரிங் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டால், ஸ்க்ரூ கால் சுற்று நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். வீட்டம்மாவிடம் கேட்டுவிட்டு எடுப்பது உத்தமம்.

ஒன்றுமே போடாமல் விடுவதும் ஒரு வழி, பல இடங்களில் அதுதான் சரியான வழி. ரிங்கின் மேல்மூடி ஸ்க்ரூக்களுக்கு த்ரெட்லாக்கர் வேண்டாம் என்றே சில ஸ்கோப் கம்பெனிகள் சொல்கின்றன. திரவம் மரையை வழுக்கலாக்குவதால், அதே முறுக்குக்கு உள்ளே அழுத்தம் கூடிப்போய் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும். வழக்கமான அளவு 15 முதல் 18 இஞ்ச் பவுண்டு, நம் கணக்கில் சுமார் 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர். ஈரமாகப் போடுகிறீர்கள் என்றால் இன்னும் கொஞ்சம் குறையுங்கள். 10 மீட்டர் போட்டி ரைஃபிளில் ஸ்கோப்பே கிடையாது, சின்னத் துளை வழியாகப் பார்க்கும் பீப் சைட்தான், உதையும் கிட்டத்தட்ட இல்லை; அதைக் கழற்றிப் பெட்டிக்குள் வைப்பவர்கள் எதையும் ஊற்ற வேண்டாம்.

ஆனால் நம்மூருக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. குளச்சலிலும் முட்டத்திலும் வீட்டு ஜன்னல் கம்பியே உப்புக்காற்றில் உதிர்கிறது, அதுபோக வருஷத்தில் ரெண்டு பருவமழை. இங்கே இரும்பு ஸ்க்ரூவை வெறுமையாக விட்டால் அடுத்த வருஷம் துருவே லாக்டைட் வேலையைப் பார்க்கும், சிவப்பைவிட மோசமாக. த்ரெட்லாக்கர் மரை இடுக்கை நிரப்பி ஈரத்தை உள்ளே விடாது. அதனால் கடலோரத்தில் இருப்பவர்கள் பேஸ் ஸ்க்ரூவுக்காவது ஊதா போடுவதைத்தான் நான் விரும்புவேன், பிடிமானத்துக்கு இல்லாவிட்டாலும் துருவுக்காக.

எந்த நிறமானாலும் முக்கால்வாசி வெற்றி துடைப்பதில்தான். கம்பெனி எண்ணெய் தடவித்தான் ஸ்க்ரூவை அனுப்பும், அசிட்டோன் தொட்டு ஸ்க்ரூவையும் துளையையும் ரெண்டு தடவை துடையுங்கள், பிளாஸ்டிக் பாகத்தில் மட்டும் அசிட்டோனும் படக்கூடாது, த்ரெட்லாக்கரும் படக்கூடாது, சில பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும். இந்தத் திரவம் காற்று இல்லாத இடத்தில், உலோகம் பட்டால்தான் இறுகும். பாட்டிலைப் பாதி காலியாக விற்பது அதற்காகத்தான், ஏமாற்று இல்லை. வெளியே வழிந்தது நாள் முழுக்க ஈரமாகவே இருந்தால் பயப்படாமல் துடைத்துவிடுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவும் அனோடைஸ் செய்த அலுமினியமும் சேர்ந்தால் இறுகுவது மெதுவாகும். ஒரு நாள் முழுசாக விட்டு அப்புறம் சுடுங்கள்.

தம்பியின் ரைஃபிளுக்கு வருகிறேன். சால்டரிங் அயர்ன் முனையை ஸ்க்ரூ தலையில் மட்டும் ரெண்டு நிமிஷம் வைத்து, சூடு ஆறும் முன்பே கீயைப் போட்டுத் திருப்பினதில் மூன்று வந்துவிட்டன. நாலாவதன் தலைக்குழி ஏற்கெனவே உருண்டுவிட்டது, தலையை டிரில் போட்டு எடுத்துவிட்டு மீதியைப் பிளையரால் முறுக்கி இழுத்தேன். ஸ்கோப் தப்பித்தது, ரிங்கில் ஒரு கீறல். மிச்சமிருந்த சிவப்புப் பாட்டிலை நானே வைத்துக்கொண்டேன், என் புல்லட்டில் ஒரு ஸ்டட் போல்ட் ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருக்கிறது.