இன்ஜின் ஆயிலில் பால் நிறம்: ஆறு ஆண்டுகளில் இருமுறை கண்டது

ஆறு ஆண்டுகளில் 62,000 கிலோமீட்டர் ஓடிய என்னுடைய லிக்விட் கூல்டு (கூலன்ட் என்ற திரவம் சுற்றி வந்து இன்ஜினைக் குளிர்விக்கும்) பைக்கில், இன்ஜின் ஆயில் பால் நிறத்துக்கு மாறியதை இருமுறை பார்த்திருக்கிறேன். இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. காரணம் மட்டும் முற்றிலும் வேறு.

முதல் முறை, குளிர்காலம். அன்றாட ஓட்டம் போக 3 கிலோமீட்டர், வர 3 கிலோமீட்டர். ஒரு காலையில் ஆயில் மட்டம் காட்டும் கண்ணாடியான சைட் கிளாஸைத் துடைத்துப் பார்த்தபோது, மேல் விளிம்பில் வெளிர்மஞ்சள் நுரைப் படலம் ஒட்டியிருந்தது. ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தேன். அதன் அடியிலும் அதே படலம், விரலில் தேய்த்ததும் பசைபோல் குழைந்தது. கீழே இருந்த ஆயிலோ தெளிவாகவே இருந்தது.

ஹெட் கேஸ்கெட் (கூலன்ட் ஆயிலில் கலக்காமல் இன்ஜின் தலைப்பகுதியை அடைக்கும் தகடு) போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்றார் மெக்கானிக். எனக்கு மனம் ஒப்பவில்லை. கூலன்ட் ரிசர்வ் டேங்கில் நான் பேனாவால் இட்டிருந்த கோட்டிலிருந்து மட்டம் சற்றும் இறங்கவில்லை. இன்ஜின் சூடான பிறகு சைலன்சரில் வெண்புகையும் இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. அதில் பெரும்பகுதி ஆவியாகச் சைலன்சர் வழியே வெளியேறினாலும், சிறு பகுதி பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி கிராங்க் தண்டு சுழலும் அடிப்பகுதியான கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். ஆயில் நன்றாகச் சூடேறி, அந்தச் சூட்டிலேயே சிறிது நேரம் ஓடினால்தான் அந்த நீர் மீண்டும் ஆவியாகி பிரீதர் என்ற காற்றுக்குழாய் வழியே போகும். அதற்கு 3 கிலோமீட்டர் போதாது. அந்த வார இறுதியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓட்டினேன், படலம் மறைந்தது. ஆனாலும், நீர் கலந்த ஆயிலில் அமிலம் சேரும் என்பதால் அதை மாற்றிவிட்டேன்.

இரண்டாவது முறை, 48,000 கிலோமீட்டரில். இப்போது விளிம்பு மட்டுமல்லாமல் ஆயில் முழுவதுமே கலங்கியிருந்தது. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு கலங்கல் கூடியதே தவிர குறையவில்லை. ரிசர்வ் டேங்கிலோ இரண்டே வாரத்தில் கோட்டிலிருந்து ஒரு விரற்கடை இறக்கம். கூலன்ட்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப் தண்டில், கசிவைத் தடுக்க, கூலன்ட் பக்கம் ஒரு சீலும் ஆயில் பக்கம் ஒரு சீலும் இருக்கும். முதல் சீல் கசிந்தால் கூலன்ட் வெளியே சொட்டட்டும் என்பதற்காக, இரண்டுக்கும் நடுவில் ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். என் வண்டியில் அந்தத் துளையைச் சேறு அடைத்திருந்தது. மெல்லிய கம்பியால் குத்தியதும் பச்சை நிறத்தில் ஒரு சொட்டு வந்து நின்றது; எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கூலன்ட் கலந்த ஆயில் பேரிங்குகளை அரித்துவிடும் என்பதால், அதன் பிறகு வண்டியை ஓட்டாமல் ஏற்றிக்கொண்டுதான் போனேன். இரு சீல்களையும் மாற்றி, புதிய ஆயில் ஊற்றி, சில நிமிடம் ஓடவிட்டு, அதையும் வடித்து, ஃபில்டருடன் மீண்டும் மாற்றினோம்.

ஏர் கூல்டு வண்டியில் கூலன்ட்டே இல்லை. அங்கே பால் நிறம் வந்தால் நீராவி படிந்திருக்கும், அல்லது தண்ணீர் எங்கோ வழியாக உள்ளே நுழைந்திருக்கும். ஐயம் இருந்தால், வெட்டவெளியில் சூடான இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு ஆயிலை விட்டுப் பாருங்கள். நீர் கலந்திருந்தால் படபடவென்று பொரியும்.

நிறம் மாறாமல் நுரை மட்டும் வந்தது வேறு கதை. சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருந்த வண்டியில் மட்டம் பார்த்து, குறைவென்று எண்ணி ஆயிலைக் கூடுதலாக ஊற்றிவிட்டேன். கிராங்க் அந்த ஆயிலை அடித்துக் கடைய, சைட் கிளாஸ் முழுக்கக் குமிழிகள். குமிழி கலந்த ஆயிலால் பம்ப் போதிய அழுத்தம் தர முடியாது என்பதால் மிகுதியை உடனே வடித்தேன். இப்போது சில நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, சமதரையில் வண்டியை நேராக நிறுத்திப் பார்க்கிறேன்.

ஆயில் கறுப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கரியைத் தன்னுள் தாங்கி வைப்பது அதன் வேலை. பெட்ரோல் வாடை அடித்து மட்டமும் உயர்ந்தால் மட்டும் பெட்ரோல் எங்கிருந்து இறங்குகிறது என்று உடனே தேடுங்கள்.

சீல் மாற்றி 14,000 கிலோமீட்டர் ஆகிறது. பேனாக் கோட்டிலிருந்து கூலன்ட் இறங்கவில்லை; சென்ற முறை வடித்த ஆயில் கலங்கலற்ற அடர்பழுப்பாக வந்தது.