நூறோடு இருபது சதவீதம் கூட்டினால் 125 காட்டும் கால்குலேட்டர்: ஐந்து வருட அனுபவம்

போன வாரம் என் கடைக் கால்குலேட்டரை இரண்டாவது தடவையாகப் பழுது பார்த்து வாங்கி வந்தேன். சைபர் பட்டனை அமுக்கினால் பத்துக்கு ஏழு தடவைதான் விழுந்தது. 10,000 என்று அடித்தால் 1,000 நிற்கும். பின்பக்க ஸ்குரூவைக் கழற்றி, உள்ளே இருக்கும் ரப்பர் ஷீட்டை எடுத்து, அதன் கறுப்புப் புள்ளிகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்தார் ரிப்பேர்க்காரர். 150 ரூபாய். பட்டன் இப்போது புதுசு போல விழுகிறது.

அன்று சாயங்காலமே காவேரிப்பட்டணத்தில் எலக்ட்ரிகல் கடை போடப்போகும் நண்பர் போன் செய்தார். "அண்ணா, கல்லாவுல வைக்க ஒரு கால்குலேட்டர் வேணும். நீங்க வச்சிருக்கீங்களே, அதையே வாங்கிடட்டுமா?" சட்டென்று "வாங்குங்க" என்று சொல்ல வாய் வரவில்லை. "வேண்டாம்" என்றும் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரியில் எனக்கு ஹார்டுவேர் கடை. பெயிண்ட், பைப், சிமென்ட், பாத்ரூம் சாமான்கள். கால்குலேட்டரில் 12 இலக்கம், சோலார், இரட்டை சைபர், போட்ட மொத்தங்களைச் சேர்த்துக் காட்டும் ஜிடி பட்டன் எல்லாம் இந்த விலையில் எதிலும் வருவதுதான், அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. 2021 பொங்கல் கழித்து வாங்கினேன். சிமென்ட் தூசியும், வாசலில் போகும் கிரானைட் லாரிகள் கிளப்பும் புழுதியும் ஐந்து வருடமாக அதன் மேல் படிகின்றன. இரண்டு முறை கல்லாவிலிருந்து தரையில் விழுந்திருக்கிறது. இதுவரை கூட்டலிலோ பெருக்கலிலோ ஒரு பைசா பிசகவில்லை. கம்பெனி பெயரை எழுதப்போவதில்லை. என் வருத்தம் ஒரே ஒரு பட்டனோடு. சதவீதப் பட்டன்.

முன்பு இருந்த கால்குலேட்டரில் ஏழெட்டு வருடம் என் கை ஒரே மாதிரி ஓடிப் பழகியிருந்தது. தொகை, கூட்டல் குறி, வரி விகிதம், சதவீதம். வரியோடு சேர்ந்த தொகை வந்துவிடும். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபிறகு 18 என்று போட்டு ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை இதைச் செய்திருப்பேன். பில் கம்ப்யூட்டரில்தான் போடுவோம். ஆனால் மேஸ்திரியோ வீட்டுக்காரரோ வந்து நின்று "எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால் துண்டுச் சீட்டில் எழுதி, கால்குலேட்டரில் தட்டித்தான் சொல்வோம். கடையில் பேச்சு முடிவது அந்தச் சீட்டில்தான்.

புதுசு வாங்கி மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, பர்கூர் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கையில் குடை, மடித்த துண்டு. பாத்ரூம் சாமான்கள் எடுத்தார். வரிக்கு முன் 8,600 ரூபாய். நான் வழக்கம்போல 8600, கூட்டல், 18, சதவீதம் தட்டினேன். 10487.80 என்று வந்தது. சீட்டில் 10,488 என்று எழுதி நீட்டினேன். அவர் சீட்டைப் பார்க்கவே இல்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு விரலை மடக்கினார்.

"எண்பத்தாறு இருபது ஆயிரத்து எழுநூத்தி இருபது. அதுல நூத்தி எழுபத்திரண்டு போனா ஆயிரத்து ஐந்நூத்தி நாப்பத்தெட்டு. ஆக, பத்தாயிரத்து நூத்தி நாப்பத்தெட்டு. நீ முந்நூத்தி நாப்பது சேத்துப் போட்டிருக்கியே, தம்பி?"

மறுபடி தட்டினேன். அதே 10487.80. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது. போனை எடுத்துப் போட்டேன். 10148. பெரியவர் சொன்னதேதான். "மெஷின் கோளாறுங்க ஐயா" என்றேன். அவர் தலையாட்டினாரே தவிர நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. நம்பாமல் போயிருந்தாலும் அவர்மேல் தப்பில்லை. கடைக்காரன் கையிலிருக்கும் மெஷின் கூடுதலாகக் காட்டினால், கோளாறு மெஷினில் என்று யார் எடுத்துக்கொள்வார்கள்?

அன்று ராத்திரி கடையைச் சாத்திவிட்டு அந்த மூன்று நான்கு நாள் சீட்டுகளின் நகலை எல்லாம் பிரித்துப் பார்த்தேன். பதினோரு சீட்டு தப்பு. பெரும்பாலானவர்களுக்குக் கடைசியில் கம்ப்யூட்டர் பில்தான் போட்டிருந்தோம், அதில் தொகை சரி. ஆனால் இரண்டு பேர் சீட்டைப் பார்த்துவிட்டு "அப்புறம் வரேன்" என்று போனவர்கள், திரும்பி வரவில்லை. விலை அதிகம் என்று வேறு கடைக்குப் போயிருப்பார்கள். அந்த இரண்டு சீட்டும் இன்னும் என் டிராயரில் இருக்கின்றன.

மெஷின் கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்து, வாங்கிய கடைக்குக் கொண்டுபோனேன். அவர்கள் அட்டைப்பெட்டியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து 100, கூட்டல், 18, சதவீதம் தட்டிக் காட்டினார்கள். 121.95 என்று ஆரம்பித்து வரிசையாக எண்கள். "இது அப்படித்தாங்க வரும்" என்றார்கள். ஏன் அப்படி வரும் என்று கேட்டால் பதில் இல்லை.

பதில், பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருந்த காகிதத்தில் இருந்தது. எறும்பு எழுத்தில் பத்துப் பன்னிரண்டு மொழி. தமிழ் இல்லை. அப்போது பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மகள் அதை உட்கார்ந்து படித்தாள். விஷயம் இதுதான். இந்த மெஷினில் கூட்டல் குறிக்குப் பிறகு சதவீதத்தை அமுக்கினால், அது "இந்தத் தொகையின் மேல் இத்தனை சதவீதம் வை" என்று எடுத்துக்கொள்வதில்லை. "இதுதான் அடக்க விலை. விற்கும் விலையில் இத்தனை சதவீதம் எனக்கு லாபமாக நிற்க வேண்டும். என்ன விலைக்கு விற்பது?" என்று எடுத்துக்கொள்கிறது. அதனால் 100-ஐ 1.18-ஆல் பெருக்காமல் 0.82-ஆல் வகுக்கிறது.

மகள் அவளுடைய சயின்டிஃபிக் கால்குலேட்டரையும் எடுத்து அதே 8600 கூட்டல் 18 சதவீதத்தைப் போட்டாள். 8600.18 வந்தது. அது 18 சதவீதத்தை வெறும் 0.18 என்று எடுத்துக் கூட்டிவிடுகிறது. ஒரே குறி, ஒரே வரிசை. போனில் 10148, அவளுடையதில் 8600.18, என்னுடையதில் 10487.80. மூன்றும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நூற்றுக்கு இத்தனை என்பது எத்தனை தலைமுறையாக நம் ஊரில் எழுதப்படிக்கத் தெரியாதவர்கூடத் தப்பாமல் போடுகிற கணக்கு. ரெண்டு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், வருடத்துக்கு இருபத்திநான்கு. இதில் யாருக்கும் இரண்டு அர்த்தம் கிடையாது. அந்தக் குறியை ஒரு பட்டனில் அச்சடித்துவிட்டு ஆளாளுக்கு ஓர் அர்த்தம் வைத்திருக்கிறார்கள். மேலே ஒரு சின்ன எச்சரிக்கையாவது ஒட்டியிருக்கலாம்.

காகிதத்தில் சரியான வழியும் இருந்தது. 8600, பெருக்கல், 18, சதவீதம். 1548 நிற்கும். அப்படியே கூட்டல் குறியை அமுக்கினால் 10148. கழித்தல் குறியை அமுக்கினால் தள்ளுபடி போன தொகை. பைப் கம்பெனிக்காரர்கள் லிஸ்ட் விலையில் "நாற்பது ப்ளஸ் ஐந்து" என்று தள்ளுபடி சொல்வார்களே, அதற்கு இது நன்றாக வேலை செய்கிறது. 1000, பெருக்கல், 40, சதவீதம், கழித்தல்: 600. தொடர்ந்து பெருக்கல், 5, சதவீதம், கழித்தல்: 570. மொத்தம் 43 சதவீதம்தான், 45 இல்லை என்பது கண்ணெதிரே தெரியும். புதிதாகக் கடை போடுகிறவர்கள் இதில் ஏமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இருந்தாலும் ஐந்து வருடத்தில் எத்தனையோ முறை, கூட்ட நேரத்தில், கை பழைய வழியிலேயே போயிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பெரியவர் கூரையைப் பார்த்தது ஞாபகம் வரும்.

இவ்வளவு திட்டிய பிறகு இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஓர் ஆடியில் பக்கத்துக் கடைகள் எல்லாம் 20 சதவீதத் தள்ளுபடி என்று போர்டு வைத்தார்கள். குழாய் அயிட்டங்களுக்கு நான் அடக்கத்தின் மேல் 20 சதவீதம் வைத்து விற்றுக்கொண்டிருந்தேன். வைத்த இருபதை விட்டுக்கொடுத்தால் லாபமும் இல்லை நட்டமும் இல்லை, கூட்டமாவது வரட்டும் என்று நானும் போர்டு எழுதச் சொல்லிவிட்டேன். எழுதுவதற்கு முன்னால் ஒரு குழாயை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடக்கம் 240. இருபது வைத்தால் 288. அதில் இருபது தள்ளினால் 230.40. ஒரு குழாய்க்குக் கையிலிருந்து 9 ரூபாய் 60 பைசா போகிறது.

அப்போதுதான் எனக்குப் பிடிக்காத அந்த வழியை வேண்டுமென்றே தட்டினேன். 240, கூட்டல், 20, சதவீதம். 300. அதிலிருந்து பெருக்கல், 20, சதவீதம், கழித்தல். 240. போன வழியே திரும்பி வந்து நின்றது. கடையில் யாரும் இல்லை, நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து வருடமாக "எனக்கு இருபது பர்சென்ட் மார்ஜின்" என்று சொல்லிக்கொண்டு, 288-க்கு விற்று 48 ரூபாய் எடுத்திருக்கிறேன். விற்ற பணத்தில் அது 16.67 சதவீதம். வாடகை, சம்பளம், கரண்ட் எல்லாம் விற்ற பணத்திலிருந்துதான் போகிறது. அங்கே இருபது நிற்கவே இல்லை. இந்த மெஷின் முதல் நாளிலிருந்து அதைத்தான் காட்டிக்கொண்டிருந்தது, வரிக் கணக்கின் நடுவில். பழைய கால்குலேட்டரிலும் இதே வேலைக்கு எம்யூ என்று தனிப் பட்டன் இருந்தது. 240, வகுத்தல், 20, எம்யூ என்று அமுக்கினால் 300 வரும். ஒரு தடவைகூட நான் அதைத் தொட்டதில்லை. போர்டு வைக்கவில்லை. அந்த மாதமே கடையில் பாதி அயிட்டங்களுக்கு விலையைத் திருப்பிப் போட்டேன்.

அதற்கப்புறம் வரிக்கு வேறு வழி பழகிக்கொண்டேன். கூட்டலே வேண்டாம். தொகை, பெருக்கல், 118, சதவீதம். நேராக 10148. இது எந்த மெஷினிலும் மாறவில்லை. போனில், மகளுடையதில், பக்கத்துக் கடைக்காரருடையதில், எல்லாவற்றிலும் போட்டுப் பார்த்துவிட்டேன். வரியைப் பிரிக்க வேண்டுமென்றால் வகுத்தல், 118, சதவீதம். நிறையப் பேர் வரியோடு இருக்கும் தொகையில் 18 சதவீதத்தைக் கழித்துப் பிரிக்கிறார்கள், அது தப்பு. 118-ல் 18 சதவீதம் கழித்தால் 100 வராது, 96.76-தான் நிற்கும்.

2025 செப்டம்பர் 22-ல் சிமென்ட்டுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18-க்கு இறங்கியபோது இதுதான் என்னைக் காப்பாற்றியது. வந்தவர்கள் எல்லாம் "பத்து பர்சென்ட் குறைச்சாச்சே, மூட்டைக்கு அதைக் குறைங்க" என்று நின்றார்கள். கணக்குக்கு வசதியாக மூட்டை வரியோடு 384 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 384, வகுத்தல், 128, சதவீதம்: 300. பெருக்கல், 118, சதவீதம்: 354. குறைந்தது 30 ரூபாய். அவர்கள் கேட்டது 38 ரூபாய் 40 பைசா. 30, வகுத்தல், 384, சதவீதம் என்று தட்டி, 7.8125 என்று வந்ததைத் திரையோடு திருப்பிக் காட்டினேன். கால்குலேட்டரை அவர்கள் பக்கம் தள்ளி, அவர்களையே தட்டச் சொன்னேன். யாரும் சண்டை போடவில்லை. ஒரு மேஸ்திரி மட்டும் மூன்று தடவை தட்டிப் பார்த்துவிட்டு, அந்த வரிசையைத் தன் சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டு போனார்.

நண்பருக்கு நேற்று ராத்திரி பதில் சொன்னேன். கடைக்குப் போய்ப் பணம் கொடுப்பதற்கு முன்னால் 100, கூட்டல், 20, சதவீதம் தட்டிப் பாருங்கள். 120 வந்தால் வாங்குங்கள். 125 வந்தால் எவ்வளவு நல்ல பட்டன், எவ்வளவு குறைந்த விலை என்று சொன்னாலும் வைத்துவிட்டு வாருங்கள். கடை திறந்த புதிதில் ஒரு சீட்டு தப்பாகப் போனாலும் அந்த ஆள் திரும்பி வரமாட்டார்.

"அப்ப உங்களோடது, அண்ணா?" என்றார். "பழசா இருந்தாலும் பரவாயில்லை, கொடுத்துடறீங்களா? விலை போட ஒண்ணு வச்சுக்கிறேன்."

தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதன் நெற்றியில் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி "× 118 %" என்று எழுதி வைத்திருக்கிறேன். இன்று காலையில் வந்த குழாய் லோடுக்கு அதில்தான் விலை போட்டேன்.