மாதிரி விமானத்துக்கு மிதவை: பால்சாக் கூடா, தெர்மோகோல் உடலா?

முனைக்கு முனை ஒன்றரை மீட்டர் இறக்கையும் 2.3 கிலோ எடையும் கொண்ட என் மாதிரி விமானத்தின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, அதை நீரில் இறக்குவதற்காக இரண்டு ஜோடி மிதவைகளைச் செய்தேன். முதல் ஜோடி, தெர்மோகோலைச் சூடான கம்பியால் அறுத்து அதன்மேல் பால்சா என்ற மிக லேசான மரத்தின் மெல்லிய பலகையை ஒட்டியது. இரண்டாவது ஜோடி, குறுக்குச் சட்டங்களின்மேல் பால்சாப் பலகையைப் போர்த்திய, உள்ளே ஒன்றுமில்லாத கூடு. இன்று விமானத்தில் பூட்டியிருப்பது இரண்டாவதுதான்; ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

அளவுகளில் இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது. ப்ரொபெல்லரிலிருந்து சுக்கான் கீல் வரையுள்ள நீளத்தில் முக்கால் பங்குக்குச் சற்று மேலாக மிதவையின் நீளம் இருக்க வேண்டும். மிதவையின் அடிப்பகுதி பாதியில் படிக்கட்டுபோல் சட்டென்று உயரும் இடத்தைப் ‘படி’ என்பார்கள்; அது விமானத்தின் ஈர்ப்பு மையத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் பின்னால் அமைய வேண்டும். இரண்டு மிதவைகளும் முழுதாக அமிழ்ந்தால் விமான எடையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு நீரை விலக்க வேண்டும். என் கணக்கில் அது ஒரு மிதவைக்கு 2.3 லிட்டர். படியின் விளிம்பு கூர்மையாக இல்லாவிட்டால் நீர் அடிப்பகுதியை விட்டுப் பிரியாமல் ஒட்டிக்கொள்ளும் என்பதால், இரண்டிலும் அங்கே ப்ளைவுட் பட்டை பதித்தேன்.

எடையைப் பற்றி நீண்ட வாதங்கள் நடப்பதுண்டு. எனக்கு அது வீண் பேச்சாகவே தோன்றுகிறது. லிட்டருக்கு 20 கிராம் எடையுள்ள தெர்மோகோல் ஒரு மிதவைக்கு ஐம்பது கிராம்கூட வராதுதான். ஆனால் மேலே ஒட்டும் பலகையும் பசையும் சேர்ந்தபின், தராசில் இரண்டு வகைக்கும் பத்து கிராம் வித்தியாசம்கூடத் தேறவில்லை. உழைப்பில் மட்டும் தெர்மோகோல் தெளிவாக வெல்கிறது: அது இரண்டு நாள் வேலை, கூடு இரண்டு வார வேலை. அவசரத்தில் சூப்பர் க்ளூவையோ பாலியெஸ்டர் ரெசினையோ தொட்டுவிட்டால் தெர்மோகோல் கரைந்து குழி விழும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். இரு பாகங்களைக் கலந்து பூசும் எபாக்ஸி பசை அதைக் கரைக்காது.

என் முடிவைத் தீர்மானித்தது உள்ளே புகும் நீர். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் மிதவைக்குள் ஒருநாள் நீர் புகும். முழுதாக மூடிய கூட்டுக்கு அதற்கென்றே ஒரு காரணமும் உண்டு: வெயிலில் 45 டிகிரிக்குச் சூடாகி விரிந்த காற்று ஏதேனும் ஊசித் துளை வழியே கொஞ்சம் வெளியேறிவிடுகிறது, பிறகு மிதவையை 25 டிகிரி நீரில் வைத்ததும் மீதிக் காற்று ஆறு சதவீதம் அளவுக்குச் சுருங்கி, அதே துளை வழியாக நீரை உறிஞ்சுகிறது. 2.3 லிட்டர் கூட்டில் அது நூறு மில்லிக்கு மேலேயே வரலாம். விமானம் மூக்கை உயர்த்தும் நேரத்தில் அந்த நூறு கிராமும் பின்முனைக்கு ஓடினால் ஈர்ப்பு மையம் வால் பக்கம் நகர்ந்துவிடும். வால் கனத்த விமானம் கட்டுக்கு அடங்காது.

இவ்வளவு சொன்னபின்னும் நான் கூட்டின் பக்கம் நிற்பதற்குக் காரணம், அதன் நோய் கண்ணுக்குத் தெரிகிறது, மருந்தும் எளியது என்பதே. மேல்தளத்தில், நீர்மட்டத்துக்கு எட்டாத உயரத்தில், ஒரு சிறு மூச்சுத்துளை இட்டால் காற்று அதன் வழியே போய்வரும். உறிஞ்சும் வேலை பெரும்பாலும் நின்றுவிடும். படிக்கு நேரே உள்ள சட்டத்தை முழுதாக அடைத்து, முன்னறைக்கும் பின்னறைக்கும் தனித்தனி மூச்சுத்துளையும் வடிகால் மூடியும் வைத்தால் புகுந்த நீர் வெகுதூரம் ஓடாது. கசிவைக் கண்டுபிடிக்க மூச்சுத்துளைகளை ஒட்டுநாடாவால் அடைத்துவிட்டு, மிதவையை வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்தினால் போதும். விரியும் காற்று குமிழியாகக் கிளம்பி ஓட்டையைக் காட்டிக்கொடுத்துவிடும். காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சிறு கண்ணாடி இழைத் துணித்துண்டை எபாக்ஸியால் ஒட்டினால் மறுநாள் பறக்கலாம்.

தெர்மோகோலில் இந்த வசதி இல்லை. நீர் பலகைக்கு அடியிலும் மணிகளின் இடுக்கிலும் ஊறுகிறது. அதை வடிக்க வழியில்லை. 138 கிராமில் தொடங்கிய என் முதல் மிதவை ஒன்று சில மாதங்களில் 171 கிராமுக்கு வந்தது. மூன்று வாரம் நிழலில் உலர்த்தியும் பழைய எடைக்குத் திரும்பவில்லை. பலகையைத் தட்டிப் பார்த்தபோது, அடியில் பசை விட்டுப்போன இடங்கள் பொத்துப்பொத்தென்று ஒலித்தன.

எதிர்த்தரப்புக்கும் ஒரு வலுவான வாதம் உண்டு. பாறையிலோ மரக்கட்டையிலோ மோதி அடி கிழிந்தால், தெர்மோகோல் மிதவை அப்போதும் மிதக்கும். கூடு ஒரு பக்கம் நிரம்பி விமானத்தைக் கவிழ்த்துவிடும். முட்டுக்கட்டை நிறைந்த நீரில் பறப்பவர் என் பேச்சைக் கேட்க வேண்டாம். மணிகளற்ற, அடர்த்தியான எக்ஸ்ட்ரூடட் ஃபோம் மிகக் குறைவாகவே நீர் ஏற்கும். அதில் நான் மிதவை செய்து பார்த்ததில்லை என்பதால் என் குறை அதற்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். உப்புநீரிலும் எனக்கு அனுபவமில்லை. அச்சில் வார்த்த ஆயத்தக் கண்ணாடி இழை மிதவைகளை நண்பர் ஒருவரிடம் கையில் எடுத்துப் பார்த்ததோடு சரி. உறுதியானவை, கொஞ்சம் கனமானவை.

கூட்டைத் தேர்ந்தெடுப்பவர் கடைசிப் பலகையை மூடும் முன் உள்பக்கம் முழுவதும், குறிப்பாகச் சட்டங்களின் வெட்டுமுனைகளில், நீர்த்த வார்னிஷ் பூசிவிட வேண்டும். பால்சா அந்த முனைகள் வழியாகத்தான் நீரை வேகமாகக் குடிக்கும். வெளியே சதுர மீட்டருக்கு 25 கிராம் எடையுள்ள கண்ணாடி இழைத் துணியும் எபாக்ஸியும் போதும். ஒவ்வொரு முறை பறந்தபின்னும் மூடிகளைத் திறந்து, பின்முனை கீழே இருக்குமாறு இரவு முழுவதும் சாய்த்துவைத்து, காலையில் எடை பார்த்துக் குறித்துக்கொள்கிறேன். புதிதில் இடது 139, வலது 138 கிராம். போன வாரம் 141, 139.