ஜெர்மனியில் எம்.எஸ்.: ‘ஃபீஸ் கிடையாது’ என்கிறார்களே, உண்மையில் என்ன கிடைக்கிறது?

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் ஆங்கில வழியில் நடத்தும் இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பைப் பற்றிய மதிப்பீடு இது. 2023-24 குளிர்காலப் பருவத்தில் அங்கே ஏறத்தாழ 49,000 இந்திய மாணவர்கள் இருந்தார்கள். வெளிநாட்டு மாணவர்களில் முதலிடம் நமக்குத்தான். இவ்வளவு பேர் எதைத் தேடிப் போகிறார்கள் என்று கேட்டால் பாதிப் பேர் சொல்லும் பதில் ‘ஃபீஸ் இல்லை’ என்பது. அந்த ஒரே காரணத்துக்காகப் போகிறவர்கள்தான் முதல் பருவத்திலேயே அதிகம் திணறுகிறார்கள்.

விலையை முதலில் பார்த்துவிடுவோம். பெரும்பாலான மாநிலங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது நிஜம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பருவக் கட்டணம் மட்டும் உண்டு. ஊரைப் பொறுத்து 100 முதல் 400 யூரோ வரை. பல ஊர்களில் பஸ், டிராம், ரயில் பாஸும் அதிலேயே அடக்கம். ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஹைடல்பெர்க், ஃப்ரைபுர்க் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-25 குளிர்காலப் பருவத்திலிருந்து மாறிவிட்டது: புதிதாகச் சேரும் முதுநிலை மாணவருக்குப் பாடப்பிரிவைப் பொறுத்துப் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. அந்தப் பல்கலைக்கழகம் ‘ஃப்ரீ’ என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் ஏஜென்ட்டிடம் மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டாம்.

உண்மையான செலவு வாழ்க்கைச் செலவுதான். விசாவுக்கு முன்பே ‘பிளாக்டு அக்கவுண்ட்’டில் 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும் (2024 செப்டம்பர் முதல் இதுதான் தொகை). அங்கே போனபின் மாதம் 992 யூரோவாக அது உங்களுக்குத் திரும்பும். அதில் மாணவர் மருத்துவக் காப்பீட்டுக்கு 140-150 யூரோ போய்விடும். வீட்டுக்கு ஒன்றாக மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் (பொது டிவி, வானொலிக்கு) உண்டு. நாலு பேர் ஒரே வீட்டில் இருந்தால் நாலு பேரும் பங்கு போட்டுக்கொள்ளலாம், ஒருவர் பெயரில் கட்டினால் போதும். மிச்சத்தில்தான் வாடகையும் சாப்பாடும். மியூனிக்கில் வாடகையே பெரும்பகுதியைத் தின்றுவிடும். கெம்னிட்ஸ், மாக்டபுர்க், இல்மெனாவ் போன்ற கிழக்குப் பக்க ஊர்களில் அதே 992-இல் கொஞ்சம் மிச்சமும் பிடிக்கலாம்.

பலர் கோட்டைவிடும் இடம் முதல் மாதம். பிளாக் செய்த பணம் விமானம் இறங்கிய அன்றே கைக்கு வராது. அங்கே ஒரு வங்கிக் கணக்குத் திறக்க வேண்டும். அதற்குப் பெரும்பாலும் முகவரிப் பதிவுச் சீட்டு வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். அதற்கு முதலில் வீடு வேண்டும். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். பெரிய ஊர்களில் நகராட்சி அலுவலகத்தில் நேரம் கிடைக்கவே அதைவிட நாளாகும். வாடகை முன்பணம் வேறு, சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கலாம். ஆகவே பிளாக்டு அக்கவுண்டுக்கு வெளியே குறைந்தது 1,500 யூரோவாவது கையில் இருக்க வேண்டும். ஹாஸ்டலுக்கு, சேர்க்கைக் கடிதம் வந்த அன்றைக்கே அந்த ஊர் மாணவர் நலக் கழகத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். விசா வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்றால் வரிசையின் வாலில் நிற்க வேண்டியதுதான். வாடகைக்கு வீடு பார்க்கும்போது, நேரிலோ வீடியோவிலோ வீட்டைக் காட்டாமல் முன்பணம் கேட்பவர் எவராக இருந்தாலும் மோசடி என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இனி, இந்தப் பணத்துக்கும் அலைச்சலுக்கும் என்ன கிடைக்கிறது?

ஒரு கணக்குப் போட்டால் விளங்கும். முதுநிலைப் பட்டத்துக்கு 120 ஈசிடிஎஸ் (ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பொது அளவு) கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. 6 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 150 முதல் 180 மணி நேரம். வகுப்பும் பயிற்சி வகுப்பும் சேர்ந்து வாரம் நாலு மணி என்று வைத்தால், பதினைந்து வாரத்தில் 60 மணிதான் ஆகிறது. மீதி 90 முதல் 120 மணி நேரத்தை எப்படிச் செலவழிப்பது என்று யாரும் சொல்லித்தர மாட்டார்கள். விரிவுரைக்கு வருகைப் பதிவு பெரும்பாலும் இல்லை. 75 சதவீதம் கேட்டு மிரட்டுவாரில்லை, இன்டர்னல் மார்க் இல்லை, சைக்கிள் டெஸ்ட் இல்லை. கடைசியில் ஒரே ஒரு தேர்வு. பல பாடங்களில் முழு மதிப்பெண்ணும் அதற்குத்தான்.

இந்தச் சுதந்திரம் ஒரு பயிற்சி. வாரந்தோறும் தரும் கணக்குத் தாள்களைத் தானாகப் போட்டுப் பார்ப்பவர், பயிற்சி வகுப்பில் உதவி ஆய்வாளரிடம் (பேராசிரியரின் கீழ் ஆராய்ச்சி செய்பவர்) ‘இந்த வரி எப்படி வந்தது’ என்று கேட்பவர் தேறிவிடுகிறார். கடைசி மூன்று வாரத்தில் பழைய வினாத்தாளை வைத்து ஓட்டிவிடலாம் என்று நம் கல்லூரிப் பழக்கத்தில் இருப்பவர் 5.0 வாங்குகிறார். அங்கே 1.0 தான் உச்சம், 4.0 தேர்ச்சியின் விளிம்பு, 5.0 தோல்வி.

தேர்வு விதிகளில் இரண்டை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். ஒன்று, பாடத்தில் சேர்ந்தது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு. பதிவுக்கான நாட்கள் இணையதளத்தில் திறந்து மூடிவிடும். தவறினால் பெரும்பாலும் அந்தப் பருவம் போச்சு. பதிந்துவிட்டு, மருத்துவச் சான்றும் இல்லாமல் தேர்வுக்குப் போகாவிட்டாலும் 5.0 தான். இரண்டாவது, எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பு உண்டு. பல இடங்களில் மூன்று. கட்டாயப் பாடத்தில் அதையும் தாண்டிவிட்டால் அந்தப் படிப்பிலிருந்தே நீக்கம். அதே படிப்பில் ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்திலும் சேர முடியாது, வதிவிட அனுமதியும் ஆட்டம் காணும். அரியர் வைத்துக் கடைசி ஆண்டில் மொத்தமாக முடித்துக்கொள்ளும் வித்தை இங்கே செல்லாது.

இதே தேர்வு முறையில் மிக நல்ல அம்சம் ஒன்றும் இருக்கிறது: ‘ஐன்ஸிஷ்ட்’. முடிவு வந்தபின் ஒரு நாளும் அறையும் அறிவிப்பார்கள். போனால் திருத்திய விடைத்தாளை உங்கள் முன்னால் வைப்பார்கள். சிவப்பு மையில் எங்கே எத்தனை புள்ளி குறைந்தது என்பது தெரியும். திருத்தியவரோ அவருடைய உதவியாளரோ அங்கேயே இருப்பார். ‘இந்தப் படி சரி, முந்தைய விடையின் பிழைதான் இங்கே தொடர்ந்திருக்கிறது’ என்று காட்டி வாதாடலாம். நியாயம் இருந்தால் புள்ளி ஏறும். விடைத்தாள் நகலுக்கு ஒரு பணம், மறுமதிப்பீட்டுக்கு ஒரு பணம் என்று கட்டிப் பழகியவர்களில் பலர் இதற்குப் போவதே இல்லை. தேறியவர்களும் கட்டாயம் போக வேண்டும். பேராசிரியர் விடையில் எதை எதிர்பார்க்கிறார் என்பதை அந்த அரை மணி நேரத்தில் கற்பது போல வேறெங்கும் கற்க முடியாது.

அடுத்த பெரிய ஆதாயம் ‘ஹிவி’ எனப்படும் மாணவர் உதவியாளர் வேலை. வாரம் பத்து மணி அளவில் துறையின் ஆய்வகத்திலேயே வேலை: அளவீடு எடுப்பது, கணினி நிரல் எழுதுவது, பயிற்சித் தாள் திருத்துவது. வெளிநாட்டு மாணவர் வேலை செய்ய 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் என்ற வரம்பு இருக்கிறது. இந்த வேலை அந்தக் கணக்கில் சேராது. சம்பளத்தைவிடப் பெரிது, ஓர் ஆய்வுக் குழு உள்ளே எப்படி இயங்குகிறது என்று பார்ப்பது. பிற்பாடு ஆய்வேட்டுத் தலைப்பும் பரிந்துரைக் கடிதமும் பெரும்பாலும் அந்த வாசல் வழியாகத்தான் வரும். அறிவிப்புப் பலகையை மட்டும் நம்பாமல், பிடித்த பாடத்தை நடத்தும் உதவி ஆய்வாளருக்கு நாலு வரி மின்னஞ்சல் எழுதலாம். என்ன பாடம் முடித்தீர்கள், என்ன மென்பொருள் தெரியும், எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும் என்பது போதும். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கும் அரைப் பக்கப் புகழுரை வேண்டாம்.

கடைசிப் பருவம் ஆய்வேடு: பெரும்பாலும் 30 கிரெடிட், ஆறு மாதம். நிறுவனத்தில் செய்ய விரும்பினால் முதலில் பேராசிரியரின் சம்மதம், அதன் பிறகே ஒப்பந்தம். நிறுவனம் நீட்டும் ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் பல பேராசிரியர்கள் மறுத்துவிடுவார்கள். அப்போது இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்வது மாணவர்தான். தேர்வு அலுவலகத்தில் தலைப்பைப் பதிந்த நாளிலிருந்து நாள் எண்ணத் தொடங்கிவிடும். கருவி வரவில்லை, தரவு கிடைக்கவில்லை என்றால் அவை வந்தபின் பதிவதே புத்திசாலித்தனம்.

குறை என்றால் முதலில் மொழி. ‘இங்கிலீஷ் மீடியம்’ என்பது வகுப்பறைச் சுவரோடு நின்றுவிடுகிறது. நகராட்சிக் கடிதம், வாடகை ஒப்பந்தம், பகுதிநேர வேலை, படிப்புக்குப் பின் வேலை எல்லாவற்றிலும் ஜெர்மன் நிற்கிறது. மென்பொருள்காரர்கள் சிலர் ஆங்கிலத்திலேயே தப்பிப்பார்கள். மெக்கானிக்கல், சிவில்காரர்களுக்கு பி1, பி2 (ஏ1-இல் தொடங்கும் மொழித் தேர்ச்சி நிலைகளில் நடு நிலைகள்) இல்லாமல் கதவு திறப்பது அரிது. பி1 எட்ட 350 முதல் 650 பாடவேளை ஆகும் என்கிறது ஜெர்மன் கற்பிக்கும் கெய்தே நிறுவனம். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் மேலே சொன்ன மீதி மணி நேரத்திலிருந்துதான் அதைத் திருட வேண்டியிருக்கும். சென்னையிலேயே ஏ2 வரை முடித்துவிட்டுப் போவது நல்லது.

பட்டம் பெற்றபின் வேலை தேட 18 மாத அனுமதி தருகிறார்கள். தகுதிக்கேற்ற வேலையில் இரண்டு ஆண்டு இருந்து, ஓய்வூதிய நிதிக்குப் பணம் கட்டி, பி1 ஜெர்மனும் இருந்தால் நிரந்தர வதிவிடம் கேட்கலாம். கட்டணமில்லாப் படிப்பைவிட மதிப்புள்ள சலுகை இதுதான் என்பது நம் கருத்து.

போவதென்று முடிவானால் சேர்க்கைக்கு முன் கவனிக்க வேண்டியது, நம் மதிப்பெண்ணை ஜெர்மன் அளவுக்கு மாற்றும் கணக்கு. அதிகபட்சத்திலிருந்து உங்கள் சிஜிபிஏவைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் தேர்ச்சிக்கான குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுவார்கள். சிஜிபிஏ 8.0, தேர்ச்சி எல்லை 5 என்றால் 2.2 வரும். அதே 8.0-க்குத் தேர்ச்சி எல்லை 6 என்று எடுத்துக்கொண்டால் 2.5 ஆகிவிடும். பல படிப்புகள் 2.5-இல் கோடு கிழிப்பதால் இந்த ஓர் எண்ணில் வாய்ப்பே போகலாம். தேர்ச்சிக்கான குறைந்தபட்சக் கிரேடு எது என்பதைக் கல்லூரியிடமோ தேர்வுக் கட்டுப்பாட்டாளரிடமோ எழுத்தில், முத்திரையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து ஏபிஎஸ் சான்று (நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது) கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். யூனி-அசிஸ்ட் (பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் அமைப்பு) வழியாகப் போகும் விண்ணப்பங்களுக்கு முதலாவதற்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. குளிர்காலப் பருவத்துக்கு ஜூலை 15 என்பது பொதுக்கெடு என்றாலும், வெளிநாட்டவர்க்கு மே கடைசியிலோ அதற்கும் முன்போ மூடிவிடும் படிப்புகள் ஏராளம். ஏபிஎஸ் விண்ணப்பத்தை முந்தைய ஆண்டு முடிவதற்குள் போட்டுவிட்டால்தான் மற்றதெல்லாம் நேரத்துக்கு நடக்கும். இவை எதற்கும் ஏஜென்ட் தேவையில்லை. படிப்புகளின் பட்டியல் டிஏஏடி (ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு) தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. ஏஜென்ட் கொடுக்கும் பட்டியலில் ஆண்டுக்குப் பல ஆயிரம் யூரோ வாங்கும் தனியார் நிறுவனங்கள் முதலில் வந்தால், கமிஷன் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள்.