இடுப்பில் கட்டிய பாராசூட்: மூன்று வருட அனுபவம்

இடுப்பில் ஒரு பெல்ட், அதிலிருந்து ஒரு கயிறு, கயிற்று நுனியில் சதுரமாக ஒரு துணி. நீந்த நீந்த அது தண்ணீரில் விரிந்து நம்மைப் பின்னால் இழுக்கும். நீச்சல் பாராசூட் என்பது இவ்வளவுதான். குளத்தில் இதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு.

வாங்கும்போது 8 அங்குலம், 12 அங்குலம் என்று இரண்டு அளவு இருந்தன. பெரியதை வாங்கினால் பலனும் பெரிதாக இருக்கும் என்று 12-ஐ எடுத்தேன். 100 மீட்டர் முடிவதற்குள் கால் தாழ்ந்து, கிட்டத்தட்ட நின்றுகொண்டே கை வீசினேன். போதாததற்குக் கையில் பெரிய பேடில் (உள்ளங்கையில் மாட்டும் பிளாஸ்டிக் தட்டு) வேறு. இரண்டு மாதத்தில் வலது தோள் வலிக்க ஆரம்பித்துவிட்டது. கோச் பார்த்துவிட்டு, "பேடிலைக் கழற்றி வைங்க. சின்னதை வாங்கிட்டு வந்து 25 மீட்டர் மட்டும் முழு வேகத்துல அடிங்க, போதும்" என்றார்.

அப்புறம்தான் இதன் அருமை தெரிந்தது. வேகம் இருமடங்கானால் தண்ணீரின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். ஆகவே சோம்பலாக நீந்துகிறவரை இந்தத் துணி பெரிதாக ஒன்றும் செய்யாது. விரட்டி நீந்தினால்தான் பிடித்து இழுக்கும். இப்போது வாரத்துக்கு இரண்டு நாள், 25 மீட்டர் எட்டு முறை, நடுவில் ஒரு நிமிட ஓய்வு. அதற்கு மேல் போனால் கை வீச்சு தளர்ந்துவிடுகிறது.

நான் எதிர்பார்க்காத பயன் ஒன்று உண்டு. இடது கையை முன்னால் நீட்டியதும் அதை அங்கேயே கொஞ்சம் தூங்கவிடுவது என் பழக்கம். சும்மா நீந்தும்போது எனக்கே தெரியாது. பாராசூட் கட்டினால் அந்த இடைவெளியில் கயிறு தொய்ந்து, அடுத்த வீச்சில் இடுப்பை வெடுக்கென்று இழுக்கும். கோச் ஒரு வருடமாகச் சொல்லியும் ஏறாத விஷயம், இந்த இழுப்பில் ஒரே மாதத்தில் ஏறியது.

தொல்லைகளும் உண்டு. ஃப்ளிப் டர்ன் (சுவரருகே தண்ணீருக்குள் குட்டிக்கரணம் போட்டுத் திரும்புவது) அடித்தால் சில நேரம் கயிறு காலைச் சுற்றிக்கொள்ளும். தவளை போல உதைத்து நீந்தும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்குக்கு எனக்குச் சுத்தமாக ஆகவில்லை, ஒவ்வொரு உதைக்கும் கயிறு காலில் மாட்டியது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் லேனைப் பகிர்ந்துகொண்டால் பின்னால் வருகிறவரிடம் திட்டு நிச்சயம். கழற்றியதும் இரண்டு லேப்புக்குப் பறப்பது போலிருக்கும், அதை நம்ப வேண்டாம். கடிகாரம் வேறு சொல்லும்.

மூன்று வருடத்தில் என் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் 1:52-லிருந்து 1:41-க்கு வந்திருக்கிறது. அத்தனையையும் பாராசூட் கணக்கில் எழுத முடியாது. குளத்துக்குப் போகும் நாட்களையும் இதே காலத்தில் கூட்டினேன்.

துணி இன்னும் நன்றாகவே இருக்கிறது. பெல்ட்டின் வெல்க்ரோதான் ஒரு வருடத்தில் பிடிப்பை இழந்தது. நான் நல்ல தண்ணீரில் அலசாமல் கிளோரினோடு பையில் திணித்ததும் காரணமாக இருக்கலாம். பை தைக்கிறவரிடம் கொடுத்து, பள்ளிப் பையில் இருக்குமே, அந்த பிளாஸ்டிக் பக்கிளைத் தைத்து வாங்கினேன். இன்றுவரை அதுதான் தாங்குகிறது.