முழு வரைவு முடித்துத் திருத்துவதா, எழுத எழுதத் திருத்துவதா?

கடைசி வரி வரை நிறுத்தாமல் எழுதிவிட்டுப் பிறகு திருத்துபவர்கள் உண்டு. ஒவ்வொரு பத்தியையும் செப்பனிட்டபின்தான் அடுத்ததைத் தொடுபவர்களும் உண்டு.

எழுத எழுதத் திருத்துவதன் சிக்கல் வெட்டும்போதுதான் தெரியும். பலமுறை இழைத்த பத்தி கட்டுரைக்குத் தேவையில்லை என்று புரிந்தாலும் தூக்க மனம் வராது. அதைக் காப்பாற்ற முன்னும் பின்னும் ஒட்டு வரிகள் சேர்ப்போம், கட்டுரை திசைமாறிவிடும். தொடக்கம் பளபளக்கும், முடிவு அரைகுறையாக நிற்கும். ஆனால் சொல்ல வேண்டியதும் அதன் வரிசையும் முன்பே தெளிவாக இருந்தால், ஒரு கடிதமோ செய்முறைக் குறிப்போ எழுத இதுவே வேகமான வழி.

எழுதித்தான் யோசனையே தெளிய வேண்டுமென்றால் முழு வரைவுதான் சரி. தகவல் கைவசம் இல்லாத இடத்தில் [ஆண்டு பார்க்க] என்று குறித்துவிட்டு நகருங்கள். பின்னர் கோப்பில் அடைப்புக்குறியைத் தேடினால் எல்லாம் சிக்கிவிடும்.

இந்த முறையில் பலர் சறுக்குவது திருத்தத்தில். எழுதி முடித்த கையோடு எழுத்துப்பிழை பார்க்க உட்கார்ந்துவிடுகிறார்கள். நாளை வெட்டப்போகும் பத்தியில் ஒற்றுப்பிழை திருத்தி என்ன பயன்? முதலில் ஒரு நாளாவது ஆறப்போடுங்கள். பிறகு ஒவ்வொரு பத்தியும் சொல்வதை ஓரத்தில் ஒரே வரியில் எழுதுங்கள். இரண்டு பத்திக்கு ஒரே வரி வந்தால் ஒன்றாக்குங்கள். ஒரு பத்திக்கு இரண்டு வரி வந்தால் பிரியுங்கள்.

அமைப்பு நிலைத்தபின் வாக்கியங்களுக்கு வாருங்கள். "அவர் செய்த உதவியானது மிகவும் முக்கியமான ஒன்றாக இருந்தது" என்பதில் 'ஆனது', 'மிகவும்', 'ஒன்றாக' மூன்றுமே சுமை. அவற்றை எடுத்தால் "அவர் செய்த உதவி முக்கியமானது" என்று மிஞ்சும். அப்போதுதான் என்ன உதவி என்று சொல்லவே இல்லை என்பது தெரியும். "அவர் அச்சுப்படியைச் சரிபார்த்ததால்தான் இதழ் நேரத்துக்கு வந்தது" என்று எழுதினால் விஷயம் வந்துவிடுகிறது.

அடுத்து வாய்விட்டு வாசியுங்கள். எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே எச்சங்களை அடுக்கிய இடத்தில் மூச்சு வாங்கும். ல-ள-ழ, ர-ற, ஒற்று எல்லாம் கடைசியில்தான். பழகிய பக்கத்தில் கண் பிழையைத் தாண்டிப்போகும் என்பதால் எழுத்துருவை மாற்றியோ அச்செடுத்தோ பாருங்கள்.

பல நாள் நீளும் வேலைக்கு இரண்டையும் கலக்கலாம்: முந்தைய நாள் எழுதியதில் கடைசிப் பக்கத்தை மட்டும் கால் மணி நேரம் திருத்திவிட்டு மேலே போவது. நேரம் வரையறுக்காவிட்டால் முதல் பக்கத்துக்கே திரும்பிவிடுவீர்கள். எந்த முறையானாலும் வெட்டியதை அழிக்காமல் தனிக் கோப்பில் போட்டுவையுங்கள். கை தயங்காமல் வெட்டும்.